எபிரெயர் 11-இன் பின்பாதி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கிருஷ்ணகிரி வாத்தியார்

எங்கள் சபையில் மாதக் கடைசி ஞாயிறு சாட்சி நேரம். போன வாரமும் நடந்தது. ஒருவர் மகளுக்கு வரன் அமைந்தது, ஒருவருக்கு நிலத்து வழக்கு ஜெயமானது, ஒருவருக்குச் சிறுநீரகக் கல் கரைந்தது. எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொன்னோம். யார் சந்தோஷத்தையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் "கேட்டேன், கிடைக்கவில்லை, இன்னும் ஆண்டவரோடுதான் இருக்கிறேன்" என்று மைக்கில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதே இல்லை.

எபிரெயர் 11-ஐ விசுவாச வீரர்களின் அதிகாரம் என்கிறோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூட ஆபேல், ஏனோக்கு, நோவா, ஆபிரகாம் என்று வரிசையாகச் சொல்லும். 34-ஆம் வசனத்தில் சிலர் பட்டயத்துக்குத் தப்புகிறார்கள். மூன்றே வசனம் தள்ளி, 37-இல், வேறு சிலர் அதே பட்டயத்தால் வெட்டப்பட்டுச் சாகிறார்கள். இரண்டு கூட்டமும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்றுதான் அந்த அதிகாரம் முடிகிறது. நம் பிரசங்கங்களோ, ஜெயங்கள் முடிந்து பாடுகள் தொடங்கும் 35-ஆம் வசனத்தின் நடுவில் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகின்றன.

நம் ஊரிலேயே ஒரு பின்பாதி இருக்கிறது. தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன் என்று இரண்டு ஜெர்மானியர்கள். வேதாகமத்தைப் பற்றிய தங்கள் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காததால் லைப்சிக் மிஷன் அவர்களை வேலையிலிருந்து நீக்கியது. பிறகு அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன்கள் அவர்களை அனுப்ப, 1895-இல் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கியது. இன்றைய இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் ஆரம்பம் அதுதான். நேதர் 1904-இல் பிளேக் நோயில் செத்துப்போனார். அவருக்கும் யாராவது ஜெபித்திருப்பார்கள்தானே?

ஆகவே, விசுவாசத்தால் வாழ்வது என்றால் என்ன என்று உபதேசம் எழுத வேண்டாம். நடந்ததை எழுதுங்கள். முடிவு நன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சபை பெயர், பாஸ்டர் பெயர், ஆஸ்பத்திரி பெயர் போடாதீர்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் எழுதலாம்.

ராயக்கோட்டை தக்காளி

வாத்தியாரே, நம்மளது தக்காளிக் கதை.

சொட்டுநீர் போட்டு, சீட் விரிச்சு, குச்சி நட்டு, கம்பி கட்டி நட்ட தோட்டம். இந்த முறை இலைச்சுருட்டைகூட பெரிசா வரல. அந்த நேரத்துல எங்க சபையில "விதைப்பின் காணிக்கை"ன்னு ஒரு கூட்டம் போட்டாங்க. முதல் பறிப்புப் பணத்தை அப்படியே கொடுத்தா நூறத்தனையா திரும்பி வரும்னு வெளியூர்லேர்ந்து வந்த பாஸ்டர் பேசினார். கொடுத்தேன். சந்தோஷமாத்தான் கொடுத்தேன், யாரும் கழுத்தைப் பிடிக்கல.

அப்புறம் மார்க்கெட் விழுந்துச்சு. மதனப்பள்ளிப் பக்கமும் நல்ல விளைச்சல், நம்ம பாலக்கோடு பக்கமும் நல்ல விளைச்சல். ராயக்கோட்டை மண்டியில ஏலக்காரர் என் பெட்டியைத் திரும்பிக்கூட பார்க்காம அடுத்த குவியலுக்குப் போயிட்டார். பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் மூணையும் கூட்டினா, பழத்தைச் செடியிலேயே விட்டுட்டு வீட்டுல படுக்கறது லாபம். அப்படித்தான் விட்டேன். பக்கத்துக் கொட்டாய்க்காரர் ஆட்டை ஓட்டிட்டு வந்து கேட்டார், மேய்ச்சுக்கோங்கன்னுட்டேன். அத்தனை ஆட்டுக்கும் மூஞ்சி சிவந்து, கல்யாணத்துக்குச் சாந்து பூசின மாதிரி நின்னுச்சுங்க. என் சம்சாரம் சிரிச்சுட்டா. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?

காணிக்கை கொடுக்காத பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் அதே நஷ்டம். அவருக்கும் அடுத்தவர் கொஞ்சம் பிந்தி நட்டவர், ஞானஸ்நானமும் இல்ல ஒண்ணும் இல்ல, அவருக்கு நல்ல ரேட். மண்டியில யாரும் விசுவாசம் பார்த்து ஏலம் கூறறதில்ல.

நான் சொல்ல வந்தது அது இல்ல. பறிப்புக்கு வந்த பொம்பளைங்களுக்குக் கூலி பாக்கி இருந்துச்சு. எல்லா விவசாயியும் அப்ப "ரேட் வரட்டும், தர்றேன்"னுதான் சொல்லிட்டிருந்தோம். அவங்களும் வாயைத் திறக்கல. ஒருநாள் ராத்திரி யாக்கோபு நிருபம் அஞ்சாவது அதிகாரம் படிக்கிறேன். வயலை அறுத்தவங்களுக்குக் கொடுக்காம பிடிச்சு வெச்ச கூலி கூக்குரல் போடுதாம், அது கர்த்தரோட காதுல விழுதாம். புஸ்தகத்தை மூடிட்டு மாட்டுக்கொட்டாயில போய் நின்னேன். கன்னு போடற பருவத்துல ஒரு கிடேரி இருந்துச்சு. அதை வித்து, அவங்க வீட்டுக்கே போய்க் கொடுத்தேன்.

அந்தப் பாஸ்டர் மறுபடி வந்தப்ப கேட்டார், "காணிக்கைக்குப் பலன் கிடைச்சுதா பிரதர்?" "ஒரு கிடேரி போச்சுங்க ஐயா"ன்னேன். அவருக்கு விளங்கல.

ஆபகூக் மூணாவது அதிகாரத்துல வயல் விளையலைன்னாலும், தொழுவத்துல மாடு இல்லாட்டியும் கர்த்தருக்குள்ள மகிழ்ச்சியா இருப்பேன்னு வருதே, அதை நான் இன்னும் முழுசா பாட முடியாது. உரக்கடைக் கடன் பாக்கி இருக்கு. பாதி பாடறேன்.

எலத்தகிரியான்

எங்கள் கத்தோலிக்கப் பக்கம் சாட்சி சொல்லும் வழக்கம் குறைவு. பூசைக்குப் போவோம், நேர்ச்சை செய்வோம், திருவிழாவுக்குத் தேர் இழுப்போம். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மறைமாவட்டம் ஆவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே எங்கள் பக்கத்து ஊர்களில் வேதக்காரர்கள் உண்டு. ஆகவே எங்களுக்கு இது பரம்பரையாக வந்த வீட்டு வேலை மாதிரி ஆகிவிட்டது. அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

என் பாட்டி தினமும் விளக்கு வைத்ததும் ஒரு செபமாலை தனியாகச் சொல்வார், எங்கள் சித்தப்பா குடியை விட வேண்டும் என்று. எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் பாட்டி சாகும் வரை. சித்தப்பா விடவில்லை. பாட்டியின் அடக்கத்துக்கே தள்ளாடிக்கொண்டுதான் வந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், சித்தி அதே மூலையில் அதே மாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கேட்டது கிடைக்காவிட்டால் நிறுத்திவிடலாம் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தோன்றியதே இல்லை. இது விசுவாசமா, பழக்கமா என்று வாத்தியார் சொல்லட்டும். சித்தியை மாதர் சங்கத்தில் சேர்த்துவிட்டு, சித்தப்பாவைக் குடிநோய் சிகிச்சைக்கு அனுப்புவது நல்லது என்று நான் சொன்னேன். "அதையும் செய், இதையும் செய்வோம்" என்றார் சித்தி.

ஞாயிறு டூட்டி

நான் ஸ்டாஃப் நர்ஸ். பென்னாகரம் பக்கம் சொந்த ஊர்.

எங்க அம்மாவுக்கு சுகர் உண்டு. மாத்திரை ஒழுங்கா போட்டுட்டிருந்தவங்கதான். அப்பா இறந்ததுக்கப்புறம் ஒரு சபைக்குப் போக ஆரம்பிச்சாங்க. மருந்து எடுக்கறது அவிசுவாசம்னு போதிக்கிற சபை. ஞானஸ்நானம் எடுத்த அன்னிக்கே மாத்திரை டப்பாவைக் குப்பையில போட்டாங்க. எனக்குத் தெரியாது, போன்ல எப்பக் கேட்டாலும் "நல்லா இருக்கேன்மா, கர்த்தர் நடத்தறார்".

லீவுக்குப் போனப்ப வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் வாடை வந்துச்சு. டிரெஸ்ஸிங் ரூம்ல நின்னு பழகினவளுக்கு அதை வேற எதோடவும் குழப்பிக்க வராது. பாதத்துல துணி சுத்தியிருந்தாங்க. களத்துமேட்டுல ஏதோ குத்தியிருக்கு. கடைசி ரெண்டு விரலுக்கும் நடுவுல கறுத்துப் போயிருந்துச்சு.

"வலிக்குதாம்மா?"ன்னேன்.

"வலியே இல்லடி. ஆண்டவர் தொட்டுட்டார்."

எனக்கு அடிவயிறு கலங்கினது அந்த வார்த்தையிலதான். வலி போயிடுச்சுன்னா குணமாயிடுச்சுன்னு அம்மா நெனச்சுட்டிருக்காங்க. சுகர்ல நரம்பு மரத்துப் போனா வலி தெரியாதுன்னு எனக்குத் தெரியும். வார்டுல ஆயிரம் பேருக்கு விளக்குவேன். அம்மாகிட்ட வாய் வரல.

சண்டை போட்டா காலை மூடிக்குவாங்க. அதனால, கழுவி விடறேன்னு மட்டும் கேட்டேன். தண்ணி மருந்து இல்லையே, சரின்னாங்க. சலைன் ஊத்திக் கழுவிக்கிட்டே, "இன்னிக்குப் பகுதியைப் படிக்கட்டுமா?"ன்னேன். ஏசாயா 38-ஐ எடுத்தேன். வேணும்னேதான் எடுத்தேன், பொய் சொல்லல. எசேக்கியா ராஜா மரணப் படுக்கையில இருக்கார், அழுது ஜெபம் பண்றார், ஆயுசோட பதினஞ்சு வருஷம் கூட்டித் தர்றதா கர்த்தர் சொல்லிட்டார். வாக்குத்தத்தம் கைக்கு வந்தாச்சு. அந்த அதிகாரத்துக் கடைசியில ஏசாயா சொல்றார், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின் மேல பற்றுப் போடுங்க, அப்பப் பிழைப்பார்னு.

அம்மா கண்ணை மூடிக் கேட்டுட்டிருந்தவங்க திறந்தாங்க. "மறுபடி படி."

படிச்சேன்.

"பிளவைக்கா?"

"ஆமாம்மா."

"தீர்க்கதரிசியே சொன்னாரா, இல்ல வைத்தியன் சொன்னானா?"

"தீர்க்கதரிசிதான்."

ரொம்ப நேரம் பேசல. ராத்திரி சாப்பிடவும் இல்ல. விடியக்காலையில நான் எழுந்திரிக்கறதுக்குள்ள புடவை மாத்திட்டு, பையில பைபிளை வெச்சுக்கிட்டு, திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. "முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

ரெண்டு விரலை எடுத்தாங்க. கால் தப்பிச்சுது. இப்ப இன்சுலின். ஊசி போடறதுக்கு முன்னாடி ஸ்தோத்திரம் சொல்லிட்டுத்தான் வயித்துல சேலையை விலக்குவாங்க.

சபையில சில பேர் அம்மாகிட்ட பேசறதை விட்டுட்டாங்க. ஆனா இதையும் சொல்லணும். அதே சபையோட ஊழியக்கார அம்மா ஒருத்தர், வெள்ளைச் சேலை, கல்யாணம் கட்டாதவங்க, தனக்குக் காய்ச்சல் வந்தாகூட மாத்திரை தொடாதவங்க. எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன அன்னிக்கு ராத்திரி அவங்க, தூக்குவாளியில கேழ்வரகுக் கஞ்சியோட வார்டுக்கு வந்தாங்க. டிரிப் பாட்டிலைப் பார்த்தாங்க, ஒரு வார்த்தை சொல்லல. விடிய விடியக் கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுப் படுத்திருந்தாங்க. அவங்க போதனை தப்பு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அவங்களை நான் இளக்காரமா பேச மாட்டேன்.

ஜெயக்கொடி

எல்லாரும் தோல்வியையே சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். யாக்கோபு 4:3-ஐ வாசியுங்கள். தகாதவிதமாய் விண்ணப்பம் பண்ணுகிறபடியினால் பெற்றுக்கொள்ளாமலிருக்கிறீர்கள். குறை நம்மிடம்தான். சரியான விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்காதது ஒன்றுமில்லை. இப்படிப் பதிவு போட்டுப் புது விசுவாசிகளை இடறப்பண்ணாதீர்கள்.

கிருஷ்ணகிரி வாத்தியார்

தம்பி, அந்த வசனம் இச்சைகளில் செலவழிக்கக் கேட்கிறவர்களைப் பற்றியது. அதே வரியிலேயே காரணமும் இருக்கிறது. செபமாலைப் பாட்டி எந்த இச்சைக்குக் கேட்டார்?

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதியாக மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். எத்தனையோ பேரைச் சுகமாக்கிய கை அது. கெத்செமனேயில் "இந்தப் பாத்திரம் நீங்கட்டும்" என்று கேட்ட இயேசுவுக்கு விசுவாசக் குறைச்சலா? புது விசுவாசி இடறுவது இப்படிப்பட்ட பதிவால் இல்லை. "நீ சரியாக நம்பவில்லை" என்று, பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் சொல்கிறோமே, அங்கேதான். நான் அப்படி ஒரு சாவு வீட்டில் நின்றிருக்கிறேன். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

ஊழியக்காரர் மகள்

"விசுவாச ஊழியம்" என்று ஒன்று இருக்கிறது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிஷன் கிடையாது, சம்பளம் கிடையாது. யாரிடமும் கேட்கவும் கூடாது. ஆண்டவரிடம் மட்டும் கேட்க வேண்டும். எங்கள் அப்பா ஓசூரில் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு அப்படிப் போனவர். டிவிஎஸ் 50-இல் அஞ்செட்டி, உரிகம் மலைக் கிராமங்களுக்குப் போவார். வண்டி போகாத இடத்துக்கு நடந்து போவார். எந்த நாளும் ஒரு ரூபாய் தனக்கென்று வைத்துக்கொண்டதில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

அப்பா மேடையில் சொல்லும் சாட்சி ஒன்று உண்டு. வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பிள்ளைகளை உட்கார வைத்து ஜெபம் பண்ணினோம். ஆமென் சொல்லி எழுந்தால் வாசலில் ஒரு மூட்டை அரிசி. கூட்டம் அல்லேலூயா போடும். நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, மூட்டையைப் பார்த்தவள்தான். நடந்தது நிஜம்.

மூட்டை எப்படி வந்தது என்பது அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். அன்றைக்கு மத்தியானம் அம்மா, தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் அடகு வைத்தார். அது பழைய பாக்கிக்கே சரியாகிவிட்டது. திரும்பி வரும் வழியில் பாய் கடையில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை, சும்மா நின்றார். பாய் முகத்தைப் பார்த்துவிட்டு, "பையன்கிட்ட கொடுத்தனுப்புறேன், நீ போம்மா" என்றார். கணக்கு நோட்டில் அம்மா பெயரில் எழுதிக்கொண்டார். அதை அம்மா சீட்டுப் பிடித்து, பக்கத்து வீட்டுத் துணிக்கு ஃபால்ஸ் தைத்து, வருஷம் முழுக்கக் கட்டினார். விசுவாசத்தில் நடந்தது அப்பா. வட்டி கட்டியது அம்மா.

பாய் மூலமாகக் கர்த்தர் அனுப்பினார் என்று சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எலியாவுக்குக் காகங்கள் அப்பம் கொண்டுவரவில்லையா? சொல்லட்டும். ஆனால் காகத்தின் பெயரையும் சொல்லட்டும். அண்டாவையும் சொல்லட்டும்.

அப்பாவுக்கு ஜார்ஜ் முல்லர்தான் முன்மாதிரி. நானும் தேடித் தேடிப் படித்தேன். பிரிஸ்டலில் 10,000-க்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளை, யாரிடமும் கையேந்தாமல் ஜெபத்தாலேயே வளர்த்தவர். அது தெரிந்த கதை. அப்பா சொல்லாமல் விட்டது, முல்லர் கடன் வாங்கவே மாட்டார் என்பது. வந்தது இவ்வளவு, செலவானது இவ்வளவு என்று ஆண்டுதோறும் அறிக்கை அச்சடித்து வெளியிட்டார். தோனாவூரில் ஏமி கார்மைக்கேலும் பணம் கேட்டு யாருக்கும் எழுதுவதில்லை என்ற வழியில்தான் போனார். அவர்களோடு ஒரு கூட்டமே கண்ணைத் திறந்துகொண்டு அந்த வாழ்க்கைக்குச் சம்மதித்து வந்தது. எங்கள் அம்மாவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கல்யாணத்தின்போது அப்பா கம்பெனி வேலையில் இருந்தார்.

ரோமர் 13-இல் அன்பு என்ற கடனைத் தவிர ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்று இருக்கிறது. அம்மா அந்தப் பக்கத்தில்தான் கடைக்காரர் சீட்டுகளைச் செருகி வைத்திருப்பார். வேண்டுமென்றே செய்தாரா என்று நான் கேட்டதில்லை.

எலத்தகிரியான்

அக்கா, அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

ஊழியக்காரர் மகள்

சொன்னேன், எனக்கு வேலை கிடைத்த பிறகு. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பாய் கடைக்குப் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். இப்போதும் மலைக்குப் போகிறார். மேடையில் அரிசி மூட்டைக் கதையை விட்டுவிட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. முழுசாகச் சொல்லியிருக்கலாம்.

பேர் வேண்டாம்

அரூர் பக்கம். எங்க அப்பா கொத்தனார், பெங்களூர்ல சித்தாளா ஆரம்பிச்சவர். கல்யாணத்துக்கு முன்னாடியே ஞானஸ்நானம் எடுத்தவர்.

சாதிச் சான்றிதழ் விஷயம் இங்க யாரும் வெளிப்படையா பேச மாட்டாங்க. நான் பேசறேன். 1950-இல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி இந்துவா இருந்தாத்தான் பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தாங்க, 1990-இல் பௌத்தரைச் சேர்த்தாங்க. கிறிஸ்தவர் ஆனா அந்தப் பட்டியல்லேர்ந்து வெளியே. நம்ம மாநிலத்துல பிற்பட்டோர் பட்டியல்ல வைப்பாங்க. தெருவுல டீக்கடைக்காரன் பார்க்கற பார்வை மட்டும் ஞானஸ்நானத்துல மாறாது. வன்கொடுமைச் சட்டத்துல புகார் கொடுக்கப் போனாலும் "நீ கிறிஸ்டியன்தானே"ம்பாங்க.

அதனால எங்க சபையிலேயே நிறைய பேருக்குச் சான்றிதழ்ல ஒரு பேர், சபை ரெஜிஸ்டர்ல ஒரு பேர். ஞாயித்துக்கிழமை பந்தியில நற்கருணை, திங்கக்கிழமை ஆபீஸ்ல இந்து. நான் பன்னெண்டாவது முடிச்சப்ப சொந்தக்காரங்க எல்லாரும் அப்பாகிட்ட சொன்னாங்க, "பேப்பர்ல மட்டும்தானே, ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறவர்". அப்பா அதிகம் படிக்காதவர். அவர் சொன்னது, "இருதயத்தைப் பார்க்கறவர் பேப்பரைப் பார்க்க மாட்டாரா?"

கிறிஸ்தவன்னே எழுதினார். நான் பிற்பட்டோர் கோட்டாவுல குரூப் 4 எழுதினேன், கிடைக்கல. கூடப் படிச்ச, கூட ஞாயிறு பள்ளிக்கு வந்த பையன் இன்னொரு சான்றிதழ்ல எழுதினான், என்னைவிடக் கம்மி மார்க், இப்ப ஜூனியர் அசிஸ்டென்ட். நான் ஓசூர் சிப்காட்ல கான்ட்ராக்ட். ராத்திரி ஷிப்ட்ல மெஷின் முன்னாடி நிக்கறப்ப அப்பா மேல கோபம் வந்திருக்கு. வரலன்னு சொன்னா பொய்.

அந்த நண்பனை நான் நியாயந்தீர்க்கல. ஒரு மனுஷனை அவன் சாமிக்கும் சோத்துக்கும் நடுவுல நிறுத்தற சட்டம்தான் அநியாயம். அவன் வீட்டுல நாலு பேர் சாப்பிடறாங்க. அப்பாவுக்கு அந்த நண்பனோட அப்பாதான் இன்னிக்கும் நெருங்கின சிநேகிதர், ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசிக்கறதே இல்ல.

போன உள்ளாட்சித் தேர்தல்ல எங்க வார்டு தனி வார்டு. தெருவே அப்பாவை நிக்கச் சொல்லுச்சு. சாக்கடைப் பிரச்சனைக்கு அவர்தான் பிடிஓ ஆபீசுக்கு நடையா நடந்தவர். நிக்க முடியாதுன்னுட்டார். வேற ஒருத்தர் நின்னு ஜெயிச்சார். இப்பவும் சாக்கடைக்கு அப்பாதான் மனு எழுதச் சொல்லி என்கிட்ட வர்றார். எழுதிக் கொடுக்கறேன்.

என் பொண்ணை ஸ்கூல்ல சேர்க்கற வருஷம் வருது. மதம்ங்கற கட்டத்துல என்ன எழுதறதுன்னு நானும் என் மனைவியும் இன்னும் முடிவு பண்ணல. இதை ஜெபக் குறிப்பா எடுத்துக்கோங்க. வசனம் வேண்டாம்.

டிராக்டர் வண்டி

நான் காவடி எடுக்கறவன். வாத்தியார் எல்லாரும் எழுதலாம்னதால எழுதறேன்.

மாங்கா சீசன்ல நம்ம கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு லோடு அடிப்பேன். பெங்களூரா காய், ராத்திரியெல்லாம் வரிசையில வண்டி நிக்கும். நிக்க நிக்கக் காய் வாடும், எடை இறங்கும். அவசரத்துல எவனும் எடைச்சீட்டை உத்துப் பார்க்க மாட்டான். கழிவுன்னு டன்னுக்கு இவ்வளவுன்னு முன்னாடியே பிடிச்சுடுவாங்க. அதுக்கு மேல, எடைமேடையிலேயே ஒரு பிடி பிடிக்கச் சொல்லி மேல இருந்து சொல்லுவாங்க. எல்லா இடத்துலயும்னு சொல்லல. நான் போன ஒரு இடத்துல.

அங்க எடை போடற ஆள் ஒருத்தர் இருந்தார். மேஜையில சின்ன பைபிள், அவ்வளவுதான் அடையாளம். அவர் டிஸ்ப்ளே பெட்டியை வெளிப்பக்கம் திருப்பி வெச்சுட்டார், டிரைவர் ஜன்னல்லேர்ந்தே நம்பர் தெரியற மாதிரி. யாரையும் குறை சொல்லல, சத்தம் போடல, பெட்டியைத் திருப்பினார். வர்ற வண்டிக்காரன் எல்லாம் அவர் ஷிப்டுக்குக் காத்துக் கிடந்தோம். அதுவே அவருக்கு வினையாச்சு. சீசன் பாதியில நிறுத்திட்டாங்க.

இப்ப அவர் ரோட்டோரமா பஞ்சர் கடை வெச்சிருக்கார். கடவுள் கைவிட மாட்டார், பெரிய ஆளாயிட்டார்னு எழுதினா உங்க எல்லாருக்கும் நல்லா இருக்கும். அப்படி ஒண்ணும் இல்ல. டியூப்லெஸ் வந்ததுக்கப்புறம் தொழில் மந்தம். பையன் காலேஜ் ஃபீசுக்கு அலைஞ்சதை நானே பார்த்தேன். ஒரு தடவை கேட்டேன், "ஏண்ணே, எல்லாரும் பண்றதுதானே, கண்ணை மூடிக்கிட்டிருந்தா என்ன?" அவர் மதம் கிதம் ஒண்ணும் பேசல. டயரைத் தொட்டித் தண்ணியில முக்கிக் குமிழி பார்த்துக்கிட்டே, "மூடிப் பார்த்தேன், தூக்கம் வரல"ன்னார். அப்புறம் வால்வுல எச்சில் வெச்சுப் பார்த்துட்டு, "இதுல ஒண்ணுமில்ல, காத்து மட்டும்தான், காசு வேண்டாம்"ன்னார்.

நான் எங்க பஞ்சரானாலும் அங்க வரைக்கும் உருட்டிட்டாவது போயிடறேன்.

பேர் வேண்டாம்

இவருக்கு யாராவது மைக் கொடுப்பாங்களா வாத்தியாரே?

கிருஷ்ணகிரி வாத்தியார்

கொடுத்தால் வாங்க மாட்டார் என்று நினைக்கிறேன். கமிட்டியில் கேட்டுப் பார்க்கிறேன். "ஆண்டவர் அவருக்கு என்ன செய்தார்?" என்றுதான் முதல் கேள்வி வரும்.

ராயக்கோட்டை தக்காளி

டிராக்டர் வண்டி அண்ணே, பேர் போட வேண்டாம், கடை எந்தப் பக்கம்னு மட்டும் தனியா சொல்லுங்க. நம்ம வண்டி பின் டயர் ஒண்ணு காத்தே நிக்க மாட்டேங்குது.